கோட்டுக்குப் பக்கத்தில் இரண்டு புள்ளி

வயலின் வாசிக்கிறவருக்கு வயலின் சொந்தம். செல்லோ வாசிக்கிறவனுக்குச் செல்லோ சொந்தம். பியானோ வாசிக்கிறவளுக்கு மட்டும் போகிற இடத்தில் என்ன வைத்திருக்கிறார்களோ அதுதான் வாய்க்கும். அன்றைக்கு வாய்த்த பியானோவின் தலையில் ஒரு பூச்சாடி இருந்தது. சாடியில் தண்ணீர் தளும்பியது. பியானோவின் மூடி பூட்டியிருந்தது.

“சாவி எங்கங்க?” என்று அவள் கேட்டாள்.

“உதவி நூலகர்கிட்ட,” என்றார் நூலகர்.

“அவர் எங்க?”

“லீவுல இருக்காரே.”

கச்சேரிக்கு இரண்டு மணி நேரம் இருந்தது. நூலகத்து மாடியில், வாசிப்பு மேசைகளை ஓரம்கட்டி எண்பது நாற்காலி போட்டிருந்தார்கள். சுவரில் நோட்டீஸ் ஒட்டியாகிவிட்டது. ‘ஞாயிறு மாலை நாலு மணி, வயலின் – செல்லோ – பியானோ, அனைவரும் வருக.’ பியானோவை மட்டும் யாருக்கும் ஞாபகம் வரவில்லை. அது மேசை மாதிரி அங்கேயே கிடக்கிற பொருள்தானே.

அவள் கணவன் எதுவும் பேசாமல் தன் பையிலிருந்து மெல்லிய கம்பிக் கொக்கி ஒன்றை எடுத்தான். அவன் பல் செட் செய்கிற கூடத்தில் வேலை பார்க்கிறவன். பூட்டுக்கு முன்னால் மண்டியிட்டு, பல்லுக்குள் எதையோ தேடுகிறவன் மாதிரி ஐந்து நிமிஷம் துழாவினான். பூட்டு திறந்துகொண்டது. நூலகர் கைதட்டினார். அவளுக்குப் பெருமூச்சுதான் வந்தது. இந்த மனுஷனுக்குப் பூட்டைத் திறக்க வரும். வாயைத் திறக்கத்தான் வராது.

உட்கார்ந்து வாசித்துப் பார்த்தாள். நடுவில் ஒரு கட்டை, அழுத்தினால் உள்ளே போய் அங்கேயே உட்கார்ந்துகொண்டது. விரலால் கிளப்பிவிட்டால்தான் எழுந்து வந்தது.

“அண்ணி, இதைப் பாருங்க,” என்றாள்.

வயலினைச் சுருதி சேர்த்துக்கொண்டிருந்த நாத்தனார் திரும்பிப் பார்த்தார். “ஒரு கட்டைதானேம்மா? சமாளிச்சுக்கோ,” என்றார். நாலு தந்தி வைத்திருக்கிறவருக்கு எண்பத்தெட்டுக் கட்டைக்காரியின் கஷ்டம் எங்கே புரியப்போகிறது.

அவர்கள் மூவரும் இருபது வருஷமாகச் சேர்ந்து வாசிக்கிறார்கள். அவள் கல்யாணமாகி வந்தபோது அக்காவும் தம்பியும் ஏற்கெனவே வயலினும், காலிடுக்கில் நிறுத்தி வாசிக்கிற பெரிய வயலின் மாதிரியான செல்லோவுமாகச் சேர்ந்து வாசித்துக்கொண்டிருந்தார்கள். பியானோ வாசிக்கத் தெரிந்த பெண் வீட்டுக்கு வந்ததும் மூவராகிவிட்டார்கள். இந்த மூவர் கூட்டுக்கு டிரையோ என்று பெயர். இதில் முன்னால் நின்று குச்சியாட்டித் தாளம் காட்ட ஆள் கிடையாது. ஒருவர் மூச்சை ஒருவர் பார்த்து, ஒருவர் வேகத்துக்கு இன்னொருவர் இறங்கி வந்து, தங்களைத் தாங்களே நடத்திக்கொள்ள வேண்டும். சொல்வதற்குச் சுலபமாகத்தான் இருக்கிறது.

நாத்தனார் பெரிய ஆஸ்பத்திரி ஒன்றில் மருந்துப் பிரிவின் தலைமைப் பொறுப்பில் இருந்தார். தனியாளாக இரண்டு தெரு தள்ளிக் குடியிருந்தார். சீட்டில் எழுதியிருப்பதைத் தவிர ஒரு மாத்திரை கூடவும் குறையவும் கொடுக்காதவர். வயலினிலும் அப்படித்தான். அவள் வீட்டிலேயே பிள்ளைகளுக்குப் பியானோ சொல்லிக்கொடுத்தாள். தினமும் நாலு மணி நேரம், அதே தப்பை வேறு வேறு பிள்ளைகள் செய்வதைக் கேட்டுக்கொண்டிருக்கிற வேலை. கணவனுக்கோ அடுத்தவர் வாய்க்குப் பொருந்துகிற மாதிரி செய்து கொடுப்பதுதான் தொழில். வீட்டுக்கு வந்தும் அதையேதான் செய்தான். அக்கா வாய்க்கு ஒரு பேச்சு, பெண்டாட்டி வாய்க்கு ஒரு பேச்சு. எது கேட்டாலும், “ரெண்டு பேர் சொல்றதுலயும் நியாயம் இருக்கு,” என்பான். அப்புறம் செல்லோவைத் துடைக்க ஆரம்பித்துவிடுவான்.

இந்தத் தடவை வந்த சண்டைக்குக் காரணம் இரண்டே இரண்டு புள்ளி.

கச்சேரியின் பெரிய உருப்படி, இருநூறு வருஷத்துக்கு முன் யாரோ எழுதிய நாலு பாக டிரையோ. அதன் முதல் பாகத்தில் நாலாவது நிமிஷத்தில் தாளில் ஓர் இரட்டைக் கோடு வரும். கோட்டுக்குப் பக்கத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு புள்ளி. ஆரம்பத்துக்குப் போ, இதுவரை வாசித்ததை எல்லாம் இன்னொரு தடவை வாசி, அப்புறம் கோட்டைத் தாண்டு என்று அதற்கு அர்த்தம். அப்படியே செய்கிறவர்களும் உண்டு. புள்ளியைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போகிறவர்களும் உண்டு.

“எழுதினவர் புள்ளி வச்சிருக்காரும்மா. எறும்பு மொய்க்குதுன்னு நினைச்சியா?” என்றார் நாத்தனார், இரண்டு மாதத்துக்கு முந்தின ஒரு சனிக்கிழமை, அவள் வீட்டு முன்னறையில்.

“அந்தக் காலத்துல ஜனங்க ஒரு உருப்படியை வாழ்க்கையில ஒரு தடவைதான் கேட்டிருப்பாங்க அண்ணி. மனசுல பதியட்டும்னு ரெண்டு தரம் வாசிச்சாங்க. இப்ப எதுக்கு? ரிப்பீட் வேண்டாம்.”

“மூணு வேளைன்னு சீட்டுல இருந்தா நான் மூணு வேளைக்குத்தான் மாத்திரை கொடுப்பேன். காலம் மாறிப்போச்சு, ரெண்டு வேளை போதும்னு நானே முடிவு பண்ணினா என் வேலை போயிடும்.”

“இது மாத்திரை இல்லையே.”

“உனக்கு அப்படித் தோணுது.” நாத்தனார் தம்பி பக்கம் திரும்பினார். “டேய், நீ சொல்லுடா.”

“ரெண்டு பேர் சொல்றதுலயும்…”

“இந்தப் பாட்டைத்தான் கேக்க வேணாம்னு பார்த்தேன்,” என்று நாத்தனார் வயலினைப் பெட்டியில் வைத்து மூடிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

அவள் சொன்ன காரணம் பொய்யில்லை. ஆனால் முழுக் காரணமும் அது இல்லை. அந்த நாலு நிமிஷத்துக்குள் ஓர் இடம் வரும். வயலினும் செல்லோவும் நீளமாக ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டிருக்க, பியானோக்காரியின் வலது கை மட்டும் கட்டைவிரலும் சுண்டுவிரலுமாக விரிந்து விரிந்து, கட்டைமேல் சுத்தியல் மாதிரி இறங்க வேண்டும். நாலு மாதமாக அந்தக் கையின் மணிக்கட்டு வலித்தது. ஒரு தடவை வாசித்தாலே உள்ளே கம்பியைப் பழுக்கக் காய்ச்சிச் செருகினாற்போல இருந்தது. இரண்டாவது தடவை வாசித்தால் மீதி மூன்று பாகத்துக்குக் கை மிஞ்சாது.

கணவனிடம் சொல்லியிருந்தாள். “உங்க அக்காகிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. கை சரியில்லைன்னு தெரிஞ்சா அடுத்த நிமிஷமே, வேற ஆள் பார்க்கலாமான்னு கேப்பாங்க.”

அவன் தலையாட்டினான். தலையாட்டுவதில் அவனுக்கு என்றைக்கும் சிரமமே இருந்ததில்லை.

சண்டைக்கு மறுநாள் அவன் அக்கா வீட்டுக்குப் போய் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல், “முடிஞ்சது,” என்றான். “ரிப்பீட் வேண்டாம்னு ஒத்துக்கிட்டா. ஆனா அதைப் பத்தி நீ எதுவும் கேக்காதே. மனசு கொஞ்சம் ஆறட்டும்.”

அவளால் நம்ப முடியவில்லை. நாத்தனார் ஒத்துக்கொள்வதா? மனதுக்குள் நன்றிகூடச் சொல்லிக்கொண்டாள். அடுத்த சனிக்கிழமை நாத்தனார் வந்தபோது முகம் தெளிவாகத்தான் இருந்தது. தேநீரைக் கையில் வாங்கிக்கொண்டு, “நல்லாருக்கும்மா,” என்றார். அவர் அப்படிச் சொல்கிறவரே இல்லை.

அதன்பின் எட்டு சனிக்கிழமையும் ஒத்திகை நல்லபடியாகவே போனது. முதல் பாகத்தை மட்டும் முழுதாக வாசிக்க நேரம் கிடைக்கவே இல்லை. “அது தேறிடுச்சு. நாலாவதைப் பார்ப்போம்,” என்பான் கணவன். ஒருநாள் வாசித்துக்கொண்டே போய், இரட்டைக் கோடு நெருங்குகிற சமயத்தில், “ஒரு நிமிஷம், சுருதி இறங்கிடுச்சு,” என்று நிறுத்தினான். இன்னொரு நாள் அதே இடத்தில் அவனுக்கு இருமல் வந்தது. இருமி முடித்தவன் கோட்டுக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆரம்பிக்கலாம் என்றான். இருமலுக்கு அவள்தான் வெந்நீர் வைத்துக் கொடுத்தாள்.

மறுபடி கச்சேரி நாளுக்கு வருவோம்.

மேடைக்குப் பின்னால் உட்கார இடம், திரும்பி வந்த புத்தகங்களை அடுக்கிவைக்கிற அறை. பக்கம் திருப்பிவிட அவள் கீழ்வீட்டுக்காரரை அழைத்து வந்திருந்தாள். முப்பது வருஷம் ரயிலில் கார்டாக இருந்து ஓய்வு பெற்றவர். பாட்டுக் குழுவொன்றில் பாடுகிறவர் என்பதால் இசைத்தாள் படிக்கத் தெரியும்.

“நீங்க தலையாட்டினாத்தான் திருப்புவேன். நானா ஒண்ணும் பண்ண மாட்டேன்,” என்றார் கார்டு, நாலாவது முறையாக.

“சரிங்க. முதல் பாகத்துல ரிப்பீட் கிடையாது. புள்ளி வந்ததும் நேரா அடுத்த பக்கம்.”

“சிக்னல் கொடுங்க, போதும்.”

ஜன்னலோரம் நின்றிருந்த நாத்தனார் அருகில் வந்தார். இந்தப் பேச்சு அவர் காதில் விழவில்லை. அவள் தோளில் கையை வைத்து, “சொல்லணும்னு நினைச்சேன்மா. அந்த விஷயத்துல நீ பெருந்தன்மையா…” என்று ஆரம்பித்தார்.

கணவன் கையிலிருந்த, வில்லில் தேய்க்கிற ரோசின் டப்பா கீழே விழுந்து உருண்டது. “நேரமாச்சு! நேரமாச்சு!” என்று அவன் கத்தினான். மூன்றே முக்கால்தான் ஆகியிருந்தது.

சின்னதாக ஒரு உருப்படியில் ஆரம்பித்தார்கள். அது நன்றாகவே போனது. சிக்கிக்கொள்கிற கட்டையை அவள் இடது கைச் சுண்டுவிரலால் அவ்வப்போது கிளப்பிவிட்டுக்கொண்டாள். அறுபது எழுபது பேர் வந்திருந்தார்கள். முன்வரிசையில் ஒரு பெண்மணி சத்தம் கேட்கக் கூடாது என்பதற்காக மிட்டாய்க் காகிதத்தை மெதுவாக, மிக மெதுவாக, ஐந்து நிமிஷம் பிரித்தார். ஒரே இழுப்பில் பிரித்திருந்தால் ஒரு விநாடியில் முடிந்திருக்கும்.

அப்புறம் பெரிய டிரையோ. நாத்தனார் வழக்கம்போலப் பேசிக்கொண்டதைவிட வேகமாகக் கிளம்பினார். அவளும் பல்லைக் கடித்துக்கொண்டு கூடவே ஓடினாள். சுத்தியல் மாதிரி இறங்க வேண்டிய இடம் வந்தது. கை எரிந்தது. ஒரு தடவைதான், ஒரே தடவைதான் என்று சொல்லிக்கொண்டே தாண்டினாள். இரட்டைக் கோடு வந்தது. தலையாட்டினாள். கார்டு சுறுசுறுப்பாகப் பக்கத்தைத் திருப்பினார். அவள் அடுத்த பகுதிக்குள் இறங்கினாள்.

வயலின் ஆரம்பத்துக்குப் போனது.

ஒரே அறையில் இரண்டு வீட்டு ரேடியோவை ஒன்றாகப் போட்டாற்போல இருந்தது. அவளுக்கு முதலில் தோன்றியது, அண்ணி மறந்துவிட்டார் என்றுதான். நாத்தனார் முகத்தைப் பார்த்தால், அவரும் இவள் மறந்துவிட்டாள் என்று பார்க்கிறார். செல்லோவிலிருந்து சத்தமே இல்லை. கணவன் வில்லை அந்தரத்தில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

சரி, தொலையட்டும் என்று அவள் விட்டுக்கொடுத்தாள். தாள் இல்லாமலே ஆரம்பம் மனப்பாடம். சட்டென்று முதல் வரிக்குத் தாவினாள். அதே நொடியில் நாத்தனாரும் விட்டுக்கொடுத்தார். வயலின் கோட்டைத் தாண்டி அடுத்த பகுதிக்குத் தாவியது. இருபது வருஷத்தில் இருவரும் ஒரே நேரத்தில் ஒருவருக்கொருவர் இறங்கி வந்தது அதுதான் முதல் தடவை. அதிலும் மோதிக்கொண்டார்கள்.

இரண்டு பேரும் நிறுத்தினார்கள். அறையில் ஒரு நாற்காலி முனகியது.

“நீங்க தலையாட்டினீங்க. நான் திருப்பினேன்,” என்று கார்டு காதோரம் கிசுகிசுத்தார்.

அவள் வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டாள். பிடித்துக்கொண்டது அவளுக்கே தெரியாது.

நாத்தனார் பியானோ பக்கம் சாய்ந்து, தணிந்த குரலில், “உன்கிட்ட என்ன சொன்னான்?” என்று கேட்டார்.

“நீங்க ரிப்பீட் வேண்டாம்னு ஒத்துக்கிட்டதா.”

“நீ வேணும்னு ஒத்துக்கிட்டதா என்கிட்ட சொன்னான்.”

இருவரும் ஒன்றாகத் திரும்பினார்கள். அவன் செல்லோவின் கால் தரையில் ஊன்றியிருக்கிற இடத்தையே, முதல்முறையாகப் பார்க்கிறவன் மாதிரி பார்த்துக்கொண்டிருந்தான். காது மடல் சிவந்திருந்தது. இறங்கின சுருதி, இருமல், தேறிவிட்ட முதல் பாகம் எல்லாம் அவளுக்கு வரிசையாக ஞாபகம் வந்தன. பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டும் விலாங்கு என்பார்கள். இது அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு இருபது வருஷமாகக் கூடவே படுத்து எழுந்திருக்கிறது. இவன் என்ன நினைத்தான்? மேடையில் ஏறினால் புள்ளி அழிந்துவிடும் என்றா? எண்பது நாற்காலிக்கு முன்னால், எட்டு வாரம் தள்ளிப்போட்ட ஒரு வார்த்தையை இவன் என்னதான் செய்வதாக இருந்தான்?

நாத்தனார் எழுந்து நின்றார். “மன்னிக்கணும். எங்களுக்குள்ள ஒரு சின்னக் குழப்பம். தொடர்ந்து வாசிக்கிறோம்,” என்று சபையைப் பார்த்துச் சொன்னார். எதற்கென்று தெரியாமலே பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

உட்கார்ந்ததும், “கோட்டுக்கு அப்புறத்துலேருந்து,” என்றார்.

“அண்ணி, ரிப்பீட்?”

“கையைப் பார்த்தேன். வாசி.”

வாசித்தார்கள். கோபத்தில் வாசிக்கிறபோது தப்பு வரும் என்று அவள் பிள்ளைகளிடம் சொல்வதுண்டு. அன்றைக்கு ஒரு தப்பும் வரவில்லை. இரண்டாம் பாகம் துள்ளி ஓடுகிற பாகம். இருவரும் எதிரியைத் துரத்துவது போல வாசித்தார்கள். எதிரி நடுவில் உட்கார்ந்து, மூச்சு வாங்க, இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு கூடவே ஓடினான்.

மூன்றாம் பாகம் மெதுவானது. அது செல்லோவில் ஆரம்பிக்கும். எட்டு வரிக்கு வேறு வாத்தியமே கிடையாது. அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு அவனைப் பார்த்தாள். நாத்தனாரும் வயலினை இறக்கிவிட்டுப் பார்த்தார். அவனுக்கு ஒளிந்துகொள்ள அங்கே இடமில்லை. முதல் சுரம் நடுங்கியது. இரண்டாவது நேரானது. மூன்றாவது வரியில் அவன் கண்ணை மூடிக்கொண்டான். அப்புறம் அந்த வாசிப்பு புத்தக அலமாரிகளுக்கு நடுவே எழுந்து போயிற்று. மிட்டாய்க்காரப் பெண்மணிகூட வாயில் மிட்டாயை அப்படியே ஒதுக்கி வைத்துக்கொண்டார். அவன் சொல்ல வேண்டியதை எல்லாம், இத்தனை வருஷமாக இரண்டு பேரிடமும் சொல்லாததை எல்லாம், அதற்குள் போட்டுச் சொல்கிற மாதிரி இருந்தது. அதுதான் அவளுக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. இவ்வளவு அழகாக வாசிக்கத் தெரிந்தவனுக்கு, ‘அக்கா ஒத்துக்கல’ என்று ஒற்றை வாக்கியம் சொல்ல முடியவில்லையே! மன்னித்துவிடப் போகிறோம் என்று பயந்து, தன் முறை வருவதற்குள் மனதை இறுக்கிக்கொண்டாள்.

கடைசிப் பாகத்தில்தான் அவள் கவனித்தாள். ஒத்திகையில் ஒரு தடவைகூட அடங்காத நாத்தனார், தாளத்தைக் கொஞ்சம் தளர்த்தி ஆரம்பித்தார். வலது கை அதேபோல விரிந்து விரிந்து இறங்குகிற இடம் இந்தப் பாகத்திலும் வந்தபோது இன்னும் ஒரு பிடி தளர்த்தினார். கேட்பவர்களுக்கு அது நிதானமாகத்தான் தெரிந்திருக்கும். அவளுக்குத் தெரியும், அது அவள் மணிக்கட்டுக்காக விட்ட இடம்.

கைதட்டல் நீளமாக இருந்தது. நூலகர் பின்னறைக்கே ஓடி வந்துவிட்டார்.

“பிரமாதம்! அதுவும் நடுவுல நிறுத்தி, திரும்பிப் பார்த்து, பேசிக்கிட்டீங்களே, அது எனக்கு ரொம்பப் பிடிச்சுது. அதுவும் அதுல எழுதியிருக்கா?”

“இல்லைங்க,” என்றார் நாத்தனார். “அது எங்க குடும்ப வழக்கம்.”

“அவங்க தலையாட்டினாங்க, நான் திருப்பினேன்,” என்று கார்டு நூலகரிடமும் விளக்கினார்.

அவர்கள் இருவரும் போனபின் நாத்தனார் கதவைச் சாத்தினார். அவள் கையைப் பிடித்து, மணிக்கட்டில் கட்டைவிரலை வைத்து அழுத்திப் பார்த்தார். அவளுக்கு உயிர் போய் வந்தது.

“எத்தனை நாளா?”

“நாலு மாசமா.”

“இவனுக்குத் தெரியுமா?”

“தெரியும்.”

நாத்தனார் தம்பியைப் பார்த்தார். அவன் முதல்முறையாக வாயைத் திறந்தான். “அவதான் சொல்லக் கூடாதுன்னு சொன்னா அக்கா. கை வலியைச் சொன்னா நீ விட்டுக்கொடுத்திருப்பே. அதைச் சொல்லாம உன்கிட்ட எப்படிக் கேக்கறது? உன்கிட்ட கேக்காம அவகிட்ட எப்படிப் போய் நிக்கறது?”

அதில் நியாயம் இருந்தது. அந்த நியாயத்தை எடுத்து அவன் தலையிலேயே போடலாம் போல அவளுக்கு இருந்தது.

“என்கிட்ட சொல்றதுக்கு என்னம்மா? கடிச்சா தின்னுடுவேன்?” என்றார் நாத்தனார்.

“வேற ஆள் பார்க்கலாம்னு சொல்லிடுவீங்களோன்னு…”

நாத்தனார் அவள் மணிக்கட்டை மெதுவாக விட்டார். “சொல்லியிருப்பேன்தான்,” என்றார்.

அவளுக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இவ்வளவு உண்மையை அவள் கேட்கவில்லை.

வீட்டுக்குப் போகிறபோது, எப்போதும் பின் சீட்டில் நாத்தனார் பக்கத்தில் சாய்ந்து வருகிற செல்லோ, முன் சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்தது. பெண்கள் இருவரும் பின்னால் ஏறிக்கொண்டார்கள். வழி நெடுக நாலாம் பாகத்தின் வேகத்தைப் பற்றிச் சண்டை போட்டார்கள். தளர்த்தியது நல்லதுதான் என்றாள் அவள். அது கைக்காகச் செய்தது, இசைக்காக இல்லை, இனிமேல் செய்ய மாட்டேன் என்றார் நாத்தனார். சிக்னலில் வண்டி நின்றபோது அவன் கண்ணாடி வழியாக, “நான் நல்லதுக்குத்தான்…” என்று ஆரம்பித்தான்.

“யாரோட நல்லதுக்கு?” என்று கேட்டாள் அவள்.

விளக்கு பச்சையாகி, பின்னால் ஒரு வண்டி ஹாரன் அடித்து, இவர்கள் வண்டி நகர்ந்து, அடுத்த திருப்பமும் வந்துவிட்டது. அப்புறம்தான், “என்னோட நல்லதுக்குத்தான்,” என்றான்.

பின்சீட்டுச் சண்டை அந்த இடத்தோடு நின்றது.

டாக்டர் மணிக்கட்டில் பட்டை போட்டு, ஆறு வாரம் கட்டையைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். நாத்தனாரும் கூட வந்திருந்தார். டாக்டர் எழுதிய சீட்டை வாங்கிப் படித்துவிட்டு, ஐந்து நாளுக்கான மாத்திரையை அவர் ஏழு நாளுக்கு எழுதியிருக்கக் கூடாது என்று அவரிடமே வாதாடினார். எழுதினபடிதான் கொடுப்பேன் என்கிறவர் இவர்தானா என்று அவள் வாய்வரை வந்தது. வலி அதிகமாக இருந்ததால் விட்டுவிட்டாள்.

அடுத்த மாதம் இன்னோர் இடத்தில் வாசிப்பதாக ஒத்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு வேறு பியானோ ஆளைப் பார்ப்பதா, தள்ளிப்போடுவதா என்று நாத்தனார் நேராக அவளுக்கே போன் போட்டுக் கேட்டார். முக்கால் மணி நேரம் பேசினார்கள். இரண்டு தடவை போனை வைத்து, இரண்டு தடவை திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்கள். கடைசியில் தள்ளிப்போடுவது என்று முடிவானது. நடுவில் ஆள் வைத்துப் பேசியிருந்தால் ஐந்தே நிமிஷத்தில் முடிந்திருக்கும். இரண்டு மாதம் கழித்து வெடித்தும் இருக்கும்.

சனிக்கிழமை அவர் வயலின் இல்லாமல், பென்சிலோடு வந்தார். முன்னறையில் டிரையோவின் தாளை விரித்துவைத்து, இருவரும் முதல் வரியிலிருந்து ஆரம்பித்தார்கள். எங்கே மெதுவாக, எங்கே சத்தமாக, எங்கே மூச்சு. அவள் இடது கையால் கோணல்மாணலாக எழுதினாள். இரண்டரை மணி நேரத்தில் ஒரு பக்கம்தான் முடிந்தது. “தலை வலிக்குதும்மா,” என்று நாத்தனார் கிளம்பிவிட்டார். தாள் மொத்தம் நாற்பத்திரண்டு பக்கம்.

அவன் அதுவரை அடுக்களைக் கதவருகில்தான் நின்றுகொண்டிருந்தான். அக்கா போனதும் மெதுவாக உள்ளே வந்தான்.

“ஒண்ணு சொல்லட்டுமா?”

“சொல்லுங்க.”

“எனக்கு ரிப்பீட் வேணும்.”

அவள் பென்சிலைக் கீழே வைத்தாள். இருபது வருஷமாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்துபோன அபிப்பிராயம் கடைசியில் வந்தேவிட்டது. வந்ததும் அக்கா கட்சிக்குப் போய்விட்டது.

“ஏன்?” என்றாள், குரலை அடக்கிக்கொண்டு.

அவன் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னான். “முதல் தடவை வாசிக்கறப்போ, அக்கா எங்க ஓடுவாளோ, நீ எங்க முறைப்பியோன்னு பயந்துக்கிட்டேதான் வாசிக்கிறேன். ஒண்ணும் காதுல விழறதில்ல. ரெண்டாவது தடவை வாசிச்சாத்தான் நீங்க ரெண்டு பேரும் என்ன வாசிக்கறீங்கன்னே எனக்குக் கேக்கும்.”

மாத்திரைச் சீட்டு வாதத்துக்கு அவளிடம் பதில் இருந்தது. இதற்கு இல்லை. இல்லாததில் எரிச்சல் இன்னும் கூடியது.

“இதை அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருந்தா என்னவாம்?” என்றாள்.

“இப்பத்தான் தெரிஞ்சுது.”

அவள் பட்டை போட்ட கையை மேசைமேல் வைத்து, தாளை அவன் பக்கம் தள்ளினாள். “உட்காருங்க. கை சரியானதும் பார்க்கலாம். சரியாகலைன்னா கிடையாது. இதை உங்க அக்காகிட்ட நானே சொல்லிக்கறேன்.”

அவன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.